கொரட்டூர் மழையை நிறுத்திய துரைப் புல்

கொரட்டூர்,
ஈஸ்வர வருஷம், ஐப்பசி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ பூந்தமல்லி மைத்துனர் சம்பத் அவர்களுடைய சமூகத்துக்கு, கொரட்டூரிலிருந்து உலகநாதன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் பசுமாடும் க்ஷேமம். அதிலும் பசுமாடு என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் க்ஷேமம். அவ்விடம் தாங்களும், தங்கள் சம்சாரம் நாகம்மாளும், தங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் தங்கள் தங்கையாகிய என் சம்சாரம் தாட்சாயிணியும் க்ஷேமமாய் இருப்பதாக, தங்கள் ஊர்ச் சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போய்வரும் வண்டிக்காரத் தங்கவேல் மூலமாய் அறிந்து சந்தோஷம். ஆனால் தாட்சாயிணி அங்கிருந்து க்ஷேமமாய் இருப்பதைவிட இங்கிருந்து க்ஷேமமாய் இருப்பதுதான் உசிதம் என்று எனக்குப் படுவதால், இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

விஷயம்: புல்.

தாங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலை நீட்டி உட்கார வேண்டிய வயசில், ஒரு மனுஷன் புல்லுக்காகப் பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவானா என்று தாங்கள் கேட்கலாம். நான் அனுப்பவில்லை மச்சான், அவளாகப் போனாள். அவள் தரப்பை அவள் சொல்லியிருப்பாள். பாரிமுனைக் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்தவன் என்கிற முறையில், இரண்டு தரப்பையும் பார்க்காமல் பைலைக் கட்டக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆகவே மேற்படி புல்லைப் பற்றி ஆதியோடந்தமாய் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படிக்கவும்.

கம்பெனியை விட்டுப் போகிறவர்களுக்குப் பெரிய துரை தம் கையால் ஏதாவது கொடுத்தனுப்புவது வழக்கம். எனக்கு முன்னால் போன கேஷியர் சுவர்க் கடிகாரம் கேட்டு வாங்கினார். அதற்கும் முன்னால் போனவர் வெள்ளித் தட்டு. என் முறை வந்தபோது நான், "துரையவர்களே, உங்கள் கீழ்ப்பாக்கம் பங்களாத் தோட்டத்தில் உயரமாய் ஒரு புல் நிற்கிறதே, அதில் ஒரு வேர் கொடுத்தால் போதும்" என்றேன். துரை கண்ணாடியைக் கழற்றினார். "புல்லா?" என்றார். "புல்தான்" என்றேன். கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, கம்பெனி இந்த மனுஷனைக் கொஞ்சம் முன்னாடியே அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைத்தவர்போலத் தலையாட்டிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பங்களாத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் தங்கள் ஊர்க்காரர்தான், உஸ்மான் கனி, தங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் வேரைத் தோண்டிக் கோணியில் கட்டிக்கொண்டே, "இன்னாங்க கிளார்க்கய்யா, அல்லாரும் தொரை கையில வெள்ளி வாங்கினு போறாங்கோ, நீங்க புல்லு வாங்கினு போறீங்கோ. இது பேரு பம்பாஸு. அவுங்க தேசத்துக்கும் அப்பால எங்கியோ கீற புல்லு. ஆளுக்கு மேல ஒசரம் போவும், அதுக்கும் மேல பூ வரும். ஆனா எல கத்தி மாரி. பொண்ணு குடுத்த ஊட்டுக்குப் போனா நிக்கிறாப்பல எட்டியே நில்லுங்கோ" என்றார். நல்ல புத்திமதி. நான்தான் கேட்கவில்லை.

சென்ட்ரலில் ரயில் ஏறியதும் முதல் விக்கினம். டிக்கெட் பரிசோதகர் மூட்டையைக் காலால் தொட்டுப் பார்த்து, "மாட்டுத் தீவனம் ஆள் ஏர்ற பெட்டில வரக்கூடாது" என்றார். நான் இங்கிலீஷில், இது தீவனமல்ல, அலங்காரப் பூச்செடி என்றேன். "பூ எங்க?" என்றார். "ரெண்டு வருஷத்தில் வரும்" என்றேன். "அப்ப ரெண்டு வருசம் கயிச்சு இதே வண்டில ஏறு" என்றார். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு வெற்றிலைக்கூடைக்காரி எனக்குப் பரிந்துகொண்டு, "பாவம், பெரியவருக்கு மூலக்கடுப்பு போல கீது, மருந்துக்கு எடுத்துனு போறாரு, உடுங்க சாமி" என்றாள். பரிசோதகர் முகம் உடனே இளகிவிட்டது. அவருக்கும் அந்த உபத்திரவம் உண்டாம். வில்லிவாக்கம் வரும்வரை அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் எனக்குக் கருணைக்கிழங்கு வைத்தியம் சொன்னார்கள். கம்பெனியில் கையெழுத்துக்குப் பேர்போன உலகநாதன் ஓய்வுபெற்ற நாளில் வீட்டுக்கு வந்த லட்சணம் இது.

வந்ததும் எங்கே நடுவது என்ற கேள்வி எழுந்தது. கிணற்றோரம் தண்ணீர் வசதியுள்ள இடம் ஒன்றுதான், அதில் தங்கள் தங்கையின் கீரைப் பாத்தி இருந்தது. அவள் கீரையைப் பிடுங்கிக் கடைந்துவிட்டாள். புல்லை நட்டோம். ஒரு வருஷம் அது கவிழ்த்து வைத்த துடைப்பம்போல் நின்றது. அடுத்த வீட்டுப் பூங்காவனம் தினம் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னா அக்கா, தொடப்பம் மொளைச்சுதா?" என்று கேட்பாள். பிறகு ஒரு மழைக்காலம் போனதும் கிடுகிடுவென்று எழும்பியது. கூரையைத் தொட்டது. ஊரில் நாலு பேர் வந்து பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, மாடு தின்னுமா என்பது. தின்னாது. ஒருநாள் நம் பசுவை அவிழ்த்து விட்டுப் பார்த்தோம். அது கிட்டே போய் மோந்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேலியோரம் போய்ப் பூங்காவனத்தின் பூசணிக் கொடியைத் தின்றது. மாடே தின்னாத புல்லை மனுஷன் எதற்கு வளர்க்கிறான் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு விளங்கவில்லை. பார்ப்பதற்கு என்று சொன்னேன். "பாக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு ஏதாவது உடம்புக்கா என்று தாட்சாயிணியிடம் தனியே விசாரித்துப் போனார்கள்.

இதற்கு நடுவில் நான் ரயிலேறி வேலூருக்கு மகளைப் பார்க்கப் போயிருந்த சமயம், பூங்காவனம் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டுமென்று வந்து கேட்டிருக்கிறாள். தங்கள் தங்கை தாராளமாய் அறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால், துரையின் புல் பாதி பூங்காவனத்தின் கொட்டகைமேல் படுத்திருக்கிறது. நான் சத்தம் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கொஞ்ச நாளில் மிச்சப் பாதி பழி வாங்கியது. கொடியில் உலர்த்தியிருந்த தாட்சாயிணியின் ஆரணிப் பட்டு காற்றில் பறந்து அதன்மேல் விழ, எடுப்பதற்குள் அரிவாள்மணையில் போட்ட வாழைத்தண்டுபோல் ஆகிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவை. அவள் சத்தம் போடவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாய் இருந்திருக்கும்.

இந்தப் புரட்டாசியில் அது பூத்தது மச்சான். ஆள் உயரத்துக்கு மேலே, வெள்ளை வெளேரென்று, குதிரைவால் குதிரைவாலாகத் தண்டு தண்டாய் எழும்பி, ஏரிக்காற்று வரும்போதெல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நிமிர்ந்தது. நான் அவளைக் கூப்பிட்டேன். கையில் முறத்தோடு வந்து நின்றாள். நான் பூவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஓ, பூத்துடுச்சா? சரி, அடுப்புல ஒல கொதிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவள் பார்க்காத பூவை ஊர் பார்த்தது. ஏரி மதகைத் திறந்து மூடும் தசரதன், தங்களுக்குத் தெரியும், அவன் ஒருநாள் காலையில் வந்து தோட்டத்தில் நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "கிளார்க்கய்யா, இன்னா காரியம் பண்ணிட்டீங்க?" என்றான். "நாணல் பூத்தா மய போச்சுன்னு எங்க பாட்டன் காலத்து கணக்கு. மய முடிஞ்சப்பறம்தான் அது பூக்கும். ஏரிக்கரை நாணலே இன்னும் வாயத் தொறக்கல. உங்க ஊட்டு நாணலு எதுக்கு அதுக்குள்ள பூத்துகினு நிக்கிது? ஏரில இன்னும் ஒரு சொட்டு எறங்கல."

இது நாணல் அல்ல, அசலூர்ப் புல், இதற்கு நம் ஊர் மழையும் தெரியாது, மாசமும் தெரியாது என்று எடுத்துச் சொன்னேன். தசரதன் பொறுமையாய்க் கேட்டான். "சரிங்க. அந்த ஊர்ல பூத்தா அந்த ஊர் மய போவும். இங்க வந்து பூத்தா இங்கதானே போவும்?" என்றான். ஆயிரம் தாவாக்களை எழுதித் தீர்த்தவன் நான். அவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

புரட்டாசி போயிற்று. மழை இல்லை. ஐப்பசி பிறந்தது. மழை இல்லை. ஏரி வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடந்தது. தங்கள் பக்கத்திலும் அதே கதி என்று தங்கவேல் சொன்னான். நாற்று விட்டவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், பிறகு என் வேலியைப் பார்த்தார்கள். வெட்டச் சொல்லி நாலு பேர் மரியாதையாய் வந்து கேட்டார்கள். நான் மறுத்தேன். எதற்கு மறுக்கிறேன் என்று கேட்டதற்கு, பகுத்தறிவு என்றேன். அது பொய் மச்சான். பகுத்தறிவுக்காக யாராவது ஊரோடு விரோதம் பண்ணிக்கொள்வார்களா?

கடைசியில் கொடும்பாவி கட்டி இழுப்பதென்று முடிவாயிற்று. தங்கள் ஊரிலும் உண்டு, வைக்கோலில் ஒரு பாவியைச் செய்து, தெருத்தெருவாய் இழுத்து, பொம்மனாட்டிகள் மாரடித்து ஒப்பாரி வைத்து, ஏரிக்கரையில் கொளுத்தினால் ஊர்ப் பாவம் அதோடு தொலைந்து வானம் திறக்கும் என்பார்கள். ஒப்பாரி என்றதும் எல்லாரும் தங்கள் தங்கையைத்தான் தேடி வந்தார்கள். தங்கள் குடும்பத்துக் குரல் வளம் நாடறிந்தது. அவளும் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு போனாள். நான் வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏரி வறண்டுபோச்சே எம்பாவி உன்னால
எட்டூரு நாத்தும் கருகுதே உன்னால
பாய விரிச்சுட்டேன் படுத்துக்கோ மாபாவி
போன எடத்துலயே பொழச்சுக்கோ எம்பாவி"

சொன்னால் வெட்கக்கேடு, எனக்குப் பெருமையாய் இருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தாளம்கூடப் போட்டேன். ஊர்வலம் நம் வாசலுக்கு வந்தது. கொடும்பாவி நல்ல வாட்டசாட்டமாய் இருந்தது. தலையில் முண்டாசு, அதில் நம் தோட்டத்துப் பூத் தண்டு ஒன்று, உடம்பில் கறுப்பு அல்பாக்கா கோட்டு. எங்கேயோ பார்த்த கோட்டாய் இருக்கிறதே என்று நான் யோசிக்கிறேன், அதே சமயம் தாட்சாயிணி மாரில் அடிக்க ஓங்கிய கையோடு குனிந்து அந்தக் கோட்டின் பையைப் பார்த்தாள். மைப்புட்டி கவிழ்ந்து கறைபட்ட பைக்கு அவளே கையால் தைத்துப் போட்ட ஒட்டு அதில் இருந்தது. பாட்டு பாதியில் நின்றது.

நடந்தது இவ்வளவுதான். நான் பென்ஷன் வாங்கியதும் இனி எதற்கு என்று அந்தக் கோட்டை அவள் பூங்காவனத்தின் புருஷனுக்குக் கொடுத்திருக்கிறாள். கொடும்பாவிக்கு உடுப்பு கேட்டபோது பூங்காவனம் அதைக் கொடுத்திருக்கிறாள். "வேணும்னு செய்யலீங்க. கோட்டு கெடச்சுது, போட்டோம்" என்று தசரதன் பிற்பாடு வந்து தலையைச் சொறிந்தான். நானும் நம்புகிறேன். ஆனால் ஊரே பார்க்க, மஞ்சளும் குங்குமமுமாய் இருக்கிற ஒருத்தி, தான் ஒட்டுப் போட்டுத் தைத்த புருஷன் கோட்டைப் பார்த்து மாரடித்து, போன இடத்திலேயே பிழைத்துக்கொள் என்று பாடியும்விட்டாள் மச்சான்.

வீட்டுக்குள் வந்தவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். தாலிக்கு மஞ்சள் பூசினாள். "அந்தப் புல்ல இப்பவே வெட்டிப் போடுங்க" என்றாள். அப்போது நான் பேசாமல் அரிவாளை எடுத்திருக்க வேண்டும். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அழுதது கோட்டுக்குத்தானே, எனக்கா அழுதாய்? செத்தது கோட்டுதான், நான் இல்லையே" என்று ஹாஸ்யமாய்ச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலையில் தங்கவேல் வண்டியில் மூட்டையோடு ஏறினாள். "உசுரோட கீற புருசனுக்கு ஒப்பாரி வெச்சவ நானு. அது அந்தத் தோட்டத்துல நிக்கிற வரைக்கும் அந்த ஊட்ல வெளக்கேத்த மாட்டேன்" என்று பூங்காவனத்திடம் சொன்னாளாம்.

அன்றுமுதல் என் ஸ்திதியைக் கேளுங்கள். ரசம் வைத்தால் குழம்பாகிறது. குழம்பு வைத்தால் பசைக்கு ஆகிறது. பசுமாடு அவள் வந்தால்தான் பால் சுரப்பேன் என்கிறது. வேறு வழியில்லாமல் அவளுடைய பழைய சுங்கடிச் சேலையைத் தலைவரை போர்த்திக்கொண்டு கறக்க உட்கார்ந்தேன். அது நம்பிவிட்டது. ஒருநாள் தசரதன் வந்து நின்றபோது நான் அந்தக் கோலத்தில்தான் இருந்தேன். "அக்கா, எப்ப வந்தீங்க?" என்று அவன் கேட்டான். நான் தொண்டையைக் கனைத்ததும் ஓடிப்போனான். இப்போது ஊரில் என்ன பேச்சு என்று தங்கவேலைக் கேட்டுக்கொள்ளவும்.

சரி, ஒரு புல்லை வெட்டினால் தீர்ந்தது, இவன் ஏன் வெட்டவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். இதை நான் அவளிடம்கூடச் சொன்னதில்லை. தங்களிடம் சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், புரசைவாக்கத்தில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். தாங்களும் வந்திருக்கிறீர்கள், கூடத்தில் நீட்டிப் படுத்தால் கால் அடுத்தவர் சமையலறைக்குள் போகும். அந்த வீட்டில் இருமினால் நாலு குடித்தனத்துக்கும் கேட்கும். புதுப்பெண் சிரித்தால் என்ன சொல்வார்கள்? தாட்சாயிணி சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். அவள் சிரிப்பு எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது. தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அறிவேன். அந்த வருஷம் ஆயுத பூஜை லீவில் பழைய பெரிய துரை கிளார்க்குகளைக் குடும்பத்தோடு பங்களாத் தோட்டத்துக்குத் தேத்தண்ணீர் சாப்பிடக் கூப்பிட்டார். நான் புதிதாய்த் தைத்த அல்பாக்கா கோட்டும் தலைப்பாகையுமாகப் போனேன். அவள் தலை நிறையக் கதம்பம் வைத்துக்கொண்டு, செருப்பில்லாத காலைப் புல்தரையில் வைக்கப் பயந்து பயந்து வந்தாள். அந்தப் பெரிய புல் பூத்து நின்றது. நான் அதற்குப் பக்கத்தில் போய்த் துரைக்குக் குனிந்து சலாம் வைத்துவிட்டு நிமிர்கிறேன், பின்னால் ஒரு சிரிப்பு. திறந்த வெளியில், முந்தானை இல்லாமல், வாய்விட்டு ஒரு சிரிப்பு. துரைசானியம்மாளே திரும்பிப் பார்த்தாள். என் சம்சாரம் அந்த வெள்ளைப் பூவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூ அவ்வளவு அழகாய் இருந்ததாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வெட்கமாய் இருந்தது. ஆனால் ரிக்ஷாவில் திரும்பி வரும்போது, இந்தப் பெண்ணுக்கு எப்படியாவது ஒரு தோட்டமும் அந்தப் பூவும் வாங்கித் தந்துவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டேன்.

அப்புறம் புரசைவாக்கத்திலேயே காலம் போய்விட்டது. குழாயடி, வாடகை, மகள் படிப்பு, மகள் கல்யாணம். அவளுக்கு முந்தானையைத் திணித்துக்கொள்வதே பழக்கமாகிவிட்டது. கொரட்டூரில் நமக்கே நமக்கென்று ஒரு வீடு கட்டி, நாலு பக்கமும் காற்று வர, ஒட்டுக் குடித்தனம் இல்லாத இடத்தில் கொண்டுவந்து வைத்த பிறகும் அவள் சத்தமாய்ச் சிரிக்கவில்லை. யாருக்குக் கேட்கப்போகிறது, சிரியேன் என்று சொல்லிச் சிரிக்க வைக்க முடியுமா? அதனால்தான் துரையிடம் புல் கேட்டேன். அதனால்தான் அவள் முறத்தோடு வந்து பார்த்துவிட்டு உலை கொதிக்கிறது என்று போனபோது மனசு விட்டுப்போயிற்று. அடுத்த முறை பூக்கும்போது சிரிப்பாள் என்ற நப்பாசையில்தான் வெட்ட மாட்டேன் என்று நின்றேன். இதைப் பகுத்தறிவு என்று ஊருக்குச் சொன்னேன்.

இப்போது புத்தி வந்துவிட்டது. வீட்டில் விளக்கே ஏற்றாதபோது தோட்டத்தில் பூ என்ன பூ. தங்கவேல் இன்று சந்தைக்குப் போயிருக்கிறான். நாளைக் காலை திரும்பும்போது கடப்பாரையோடு வந்து மேற்படி புல்லை வேரோடு பெயர்த்து ஏரியில் போட்டுவிடுவதாக ஏற்பாடு. இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வரும்போது அது இருந்த இடத்தில் முளைக்கீரை விதைத்திருப்பேன், இது சத்தியம். ஆகவே தாங்கள் தங்கள் தங்கையிடம் பக்குவமாய்ச் சொல்லி, நல்ல நாள் பார்த்து அனுப்பி வைக்கும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் மேலே எழுதிய துரை பங்களாச் சங்கதியை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். நாகம்மாளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். தங்கள் நிலத்துக்கும் எங்கள் ஏரிக்கும் வருண பகவான் சீக்கிரம் கண் திறக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
கொ. உலகநாதன்

பி.கு.: மேலே எழுதியதில் எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். தபால் பெட்டிக்குக் கிளம்பும்போதே பிடித்துக்கொண்டது மழை. அப்படி ஒரு மழை. விடியவிடியக் கொட்டி, இன்று காலை ஏரியில் தண்ணீர் இறங்கும் சத்தம் இங்கேவரை கேட்டது. தசரதன் நனைந்துகொண்டே ஓடிவந்து, "கிளார்க்கய்யா, உங்க கோட்டுதான் மயய கொண்டாந்துது. உங்க பழைய வேட்டி ஒண்ணு இருந்தா அட்த்த வருசத்துக்குக் குடுத்து வையுங்க" என்று கேட்டுப் போனான். அவன் பின்னாலேயே தங்கவேல் வண்டி வந்தது. வண்டியில் கடப்பாரை இல்லை, தங்கள் தங்கை உட்கார்ந்திருந்தாள், தொப்பலாய் நனைந்து. நூம்பலில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம். ஆகையால் நூம்பலுக்கு ஆள் அனுப்பித் தேட வேண்டாம்.

இறங்கியதும் நேரே தோட்டத்துக்குத்தான் போனாள். பூவெல்லாம் மழையில் அடிபட்டு, நனைந்த கோழிபோல் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் பின்னாலேயே போய், தங்கவேலிடம் கடப்பாரை சொல்லியிருக்கிறேன், வெட்டிவிடுகிறேன் என்றேன். "இப்ப எதுக்கு வெட்டிகினு? மயதான் வந்துடுச்சே" என்றாள். அப்புறம், "ஒண்ணு கேக்கறேன். ஊரே சொல்லியும் இத்த எதுக்கு வெச்சுகினு நின்னீங்க?" என்று கேட்டாள். நானும் மழையில் நின்றுகொண்டு, தங்களுக்கு மேலே எழுதியதை எல்லாம் அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

கேட்டுவிட்டு நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. முந்தானை கையில் இருந்தது, ஆனால் வாய்க்குப் போகவில்லை. "அன்னிக்கு நான் பூவப் பாத்தா சிரிச்சேன்? நீங்க தொரைக்கு சலாம் வெக்க குனிய சொல்ல, தலப்பா அந்தப் பூவுல மாட்டிகினு மேலயே நின்னுகினுச்சு. நீங்க கீய மொட்டத் தலையோட, இன்னா ஏதுன்னு தெரியாம, வெறப்பா நின்னுகினு தொரைய பாக்கறீங்க, தலப்பா மேல ஆடிகினு கீது. யாராலங்க சிரிக்காம இருக்க முடியும்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் மச்சான். அதே சிரிப்பு. பூங்காவனம் மழையில் வேலிக்கு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"இந்தச் சிரிப்புக்கா இத்தினி நாளு புல்லுக்குத் தண்ணி ஊத்தினீங்க? எங்கிட்ட கேட்டிருந்தா, தலப்பாவக் கட்டிகினு வந்து ஒருவாட்டி குனிங்கன்னு சொல்லியிருப்பேன்ல?" என்று கேட்டுவிட்டு, விளக்கேற்ற உள்ளே போயிருக்கிறாள்.

மழை சற்று விட்டிருக்கிறது. நான் தலைப்பாகையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கொ. உ.